ஹன்டர் வகுப்புக்கு எந்தப் பிட், எந்தச் சேணம்? தாராபுரத்துக் கேள்விக்கு ஒரு பதில்

தாராபுரம் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு தரோபிரெட் குதிரையை மகளுக்காக வாங்கியிருக்கிறார். பாப்பா இதுவரை ஷோ ஜம்பிங் மட்டும்தான் பழகியிருக்கிறாள். குதிரை வேகம் பிடித்தால் நிற்காது என்று கேக் என்னும் கடினமான பிட்டும் (பிட் என்பது வாய்க்குள் போகும் இரும்பு) வாயை இறுக்கிக் கட்டும் ஃப்ளாஷ் வாரும் போட்டிருக்கிறார்கள். இப்போது பெங்களூரில் ஒரு போட்டியில், வேகத்தைப் பார்க்காமல் குதிரையின் நிதானத்துக்கு மதிப்பெண் போடும் ஹன்டர் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போகிறார்கள். "எதை வாங்குவது, எதைக் கழற்றுவது? அந்தியூர் சந்தையில் வாங்கின கடிவாளம் ஒன்றும் இருக்குதுங்க, அது ஆகுமா?" இதுதான் கேள்வி.

முதலில் நேரடியான பதில். கேக்கையும் ஃப்ளாஷையும் கழற்றி வையுங்கள். உங்கள் குதிரையின் வாய் அளவுக்கு ஒரு சாதாரண டி-வளைய ஸ்னாஃபிள், அதாவது நெம்புகோல் இல்லாத பிட், வாங்குங்கள். அலங்காரம் இல்லாத பழுப்புத் தோல் தலைவார், வெறும் மூக்குவார், முதுகுக்குப் பொருந்தும் குளோஸ் கான்டாக்ட் (குதிரையோடு ஒட்டி உட்கார வைக்கும்) சேணம், சேணத்தின் வடிவத்திலேயே வெட்டிய வெள்ளை விரிப்பு. இவ்வளவு போதும். அந்த ஸ்னாஃபிளில் குதிரை அடங்கி வரவில்லை என்றால் இந்த முறை ஹன்டர் வகுப்பை விட்டுவிடுங்கள், பிட்டை மாற்றாதீர்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஷோ ஜம்பிங்கில் கம்பு விழுந்ததா, எத்தனை நொடி ஆனது என்பதுதான் கணக்கு. குதிரை தலையை உதறினாலும் பாப்பா இழுத்துப் பிடித்தாலும் கம்பு விழாத வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஹன்டர் வகுப்பில் கடிகாரம் கிடையாது. ஒரே சீரான வேகத்தில், ஒவ்வொரு தடைக்கும் சரியான தூரத்திலிருந்து, முன்னங்கால் முழங்காலை உயர்த்தி, முதுகை வளைத்து, பதறாமல் தாண்டுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வேட்டைநாய்களுக்குப் பின்னால் நாள் முழுக்கப் போன குதிரையிலிருந்து வந்த வகுப்பு இது. பகல் முழுவதும் வேலி, ஓடை, மேடு பள்ளம் என்று போக வேண்டும். கூட்டமாக நாற்பது குதிரை ஓடும்போதும் நம் குதிரை வெறி பிடிக்காமல் வர வேண்டும். வாசற்கதவு திறக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் ஊட்டி. அங்கே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் வேட்டைநாய்களை வைத்துக் குதிரைமேல் துரத்தினார்கள். இங்கிலாந்தில் செந்நரி, இங்கே நம்மூர்க் குள்ளநரி. அந்த வேலைக்கு எந்தக் குதிரை ஆகும் என்ற கண்தான் இன்றும் நடுவரின் கண். "இதன்மேல் சாயங்காலம் வரை கை வலிக்காமல் உட்கார்ந்திருப்பேனா?" என்பதுதான் அவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

அதனால் குதிரையின் தலையில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை அவர் முதலில் படிக்கிறார். கேக் பிட்டைப் பார்த்தால் "இது நிற்காது" என்று எழுதி ஒட்டியது மாதிரி. ஃப்ளாஷைப் பார்த்தால் "இது வாயைத் திறந்து பிட்டைத் தவிர்க்கும்" என்று தெரிந்துவிடும். குதிரை உள்ளே நுழைந்து ஒரு சுற்று வருவதற்குள்ளேயே நீங்கள் உங்கள் பலவீனத்தை அறிவித்தாயிற்று. அமெரிக்க விதிகள் (பிரிட்டிஷ் முறை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்) ஸ்னாஃபிள், பெல்ஹாம் என்ற நெம்புகோல் பிட், இரண்டு பிட் வைத்த இரட்டைக் கடிவாளம் ஆகியவற்றைச் சாதாரண மூக்குவாரோடு போட்டால் வழக்கமானவை என்று ஏற்கின்றன. மற்ற பிட், மற்ற மூக்குவார் எதுவானாலும் நடுவர் மதிப்பெண் குறைக்கலாம். பிட் இல்லாத ஹாக்கமோரும் வழக்கமானவற்றில் சேராது.

இங்கேதான் நம் கொங்கு நாட்டுக் கண்ணுக்கும் ஹன்டர் கண்ணுக்கும் சண்டை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் எந்தக் குதிரைக்கு விலை ஏறுகிறது? கழுத்தை வில்லாக வளைத்து, முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நின்ற இடத்தில் ஆடுகிற மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளுக்கு. தலையில் குஞ்சம், நெற்றியில் கண்ணாடி, கழுத்தில் சலங்கை. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் அது அழகுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஹன்டர் வகுப்பில் அதே குதிரை கடைசியில் நிற்கும். அங்கே கழுத்து நீளமாக முன்னால் போக வேண்டும், கால் தரையை ஒட்டி நீண்டு வீச வேண்டும், லகான் லேசாகத் தொங்க வேண்டும்.

சந்தையில் வாங்கின கடிவாளம் என்கிறீர்களே, அதை எடுத்து வாய்க்குள் போகும் பாகத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள்ளோ, குமிழோ, பல்லோ இருந்தால் ஹன்டர் வகுப்புக்கு மட்டுமல்ல, வீட்டில் தோட்டத்தைச் சுற்றி வரவும் போடக் கூடாது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளின் 8-ஆம் விதி முள் வைத்த பிட்டைத் தடை செய்கிறது. சவாரிக்கும் அது பொருந்தும். "இந்த முள்ளைப் போட்டாத்தானுங்க நிக்கும்" என்று தரகர் சொல்லுவார். நிற்கத்தான் செய்யும், நாக்கு கிழிந்த குதிரை வேறென்ன செய்யும்? முள் இல்லாத வெறும் இரும்பு என்றால் அடுத்ததாக முலாமைப் பாருங்கள். உரிந்து செதிலாக வந்தால் அதுவும் உதட்டை அறுக்கும். அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொள்ளலாம்.

சரி, பிட் எப்படி வேலை செய்கிறது? குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு இருக்கிறது. பிட் அங்கேதான் உட்காரும். அந்த ஈறு மெல்லிய தோல் போர்த்திய எலும்பு, கீழே கத்தி முனை மாதிரி கூர்மையாக இருக்கும். அதன்மேல் நாக்கு குஷன் போலப் படர்ந்திருக்கிறது. ஸ்னாஃபிளில் கையால் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும். நெம்புகோல் கிடையாது. பெல்ஹாமில் பிட்டுக்குக் கீழே கம்பி நீண்டு, தாடைக்கு அடியில் சங்கிலி ஓடும். கீழ் லகானை இழுத்தால் கம்பி சாயும், சங்கிலி தாடையை அழுத்தும், உச்சந்தலை வாரும் கீழே இழுக்கும். கையில் ஒரு கிலோ என்றால் வாயில் அதைவிட அதிகம். கேக் பிட்டும் நெம்புகோல்தான், ஆனால் அதில் பிட்டே வாயில் மேலே ஏறும், உச்சந்தலை கீழே அழுந்தும். ஒரே நேரத்தில் "தலையைத் தூக்கு", "தலையை இறக்கு" என்று இரண்டு சொல்லுகிறோம். குதிரை எதைக் கேட்கும்?

உங்கள் குதிரை பந்தயக் குதிரை என்பதை மறக்க வேண்டாம். பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடியின்மேல் சாய்ந்துதான் வேகம் எடுக்கும். அதற்கு இரண்டு வயதிலிருந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. பாப்பா பயந்து இழுக்க இழுக்க அது "ஓடு" என்று புரிந்துகொள்ளும். இதற்குக் கடினமான பிட் போட்டால் ஒரு வாரம் பயத்தில் அடங்கும், பிறகு அதன்மேலும் சாயப் பழகிவிடும். பிறகு அதைவிடக் கடினமானது. இந்த ஏணிக்கு மேல்படியே கிடையாது. வழி எதிர்ப்பக்கம்: மென்மையான பிட், பெரிய வட்டங்கள், நடையிலிருந்து டிராட் (துள்ளுநடை), டிராட்டிலிருந்து நடை என்று ஓயாத மாற்றம். இழுத்துவிட்டு உடனே தளர்த்தும் கையும், நிறுத்த உட்காரும் இடுப்பும் வேண்டும். குதிரை சாய்வதற்கு ஒரு சுவரே இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். இதற்குச் சில மாதம் பிடிக்கும். பெங்களூர்ப் போட்டிக்குள் முடியுமா என்பது உங்கள் குதிரையைப் பார்த்த பயிற்சியாளர் சொல்ல வேண்டியது.

அதற்கும் முன்னால் பல்லைக் காட்டுங்கள். வேகம் பிடிப்பதும் தலை உதறுவதும் பாதிக் குதிரைகளில் பல்வலிதான் என்பது என் எண்ணம். கடைவாய்ப்பல்லின் ஓரம் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கீறும். சில குதிரைகளுக்குக் கடைவாய்க்கு முன்னால் ஓநாய்ப்பல் என்று ஒரு சின்னப் பல் முளைக்கும். பிட் அதில் இடித்தால் உயிர் போகும். ஆண்குதிரைக்கு நான்கைந்து வயதில் கோரைப்பல் வேறு வரும். கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 1985 முதல் இயங்குகிறது. குதிரை பார்க்கும் மருத்துவரை அங்கே கேட்டுப் பாருங்கள். பிட் வாங்கும் காசில் ஒரு பங்கு போதும்.

இனி எந்த ஸ்னாஃபிள். டி வடிவ வளையம் அமெரிக்க ஹன்டர் போட்டிகளில் மிகப் பழக்கமானது. நேரான பக்கம் கன்னத்தில் அணைவதால் திருப்பும்போது குதிரைக்குத் தெளிவாகப் புரியும், உதட்டைக் கடிக்காது. முட்டை வடிவ எக்பட்டும் நல்லதே. கழலும் வட்ட வளையம் வாயில் அசைந்துகொண்டே இருக்கும், சாய்கிற குதிரைக்கு அது சிலவேளை உதவும், ஆனால் உதட்டோரம் கிள்ளும். நடுவில் ஒரே மூட்டு வைத்தது இழுக்கும்போது மடங்கும், சில வாய்களில் அண்ணத்தில் குத்தும். இரண்டு மூட்டு வைத்தது நாக்கின்மேல் அமைதியாக உட்காரும். உங்கள் குதிரைக்கு நான் இரண்டு மூட்டைத்தான் முதலில் முயல்வேன். முறுக்குக் கம்பியில் செய்த பிட் வேண்டவே வேண்டாம். தடிமன் 14 முதல் 16 மில்லிமீட்டர் போதும். "தடித்தது மென்மை" என்று சொல்வார்கள். சின்ன வாயில், பருத்த நாக்கில் தடித்த பிட் போட்டால் வாய் மூடவே இடம் இருக்காது, பிறகு ஃப்ளாஷ் போட்டுக் கட்ட வேண்டி வரும்.

அளவுக்கு ஒரு மரக்குச்சியைப் பிட் இருக்கும் இடத்தில் குறுக்கே வைத்து, இரண்டு உதட்டோரத்தையும் பென்சிலால் குறியுங்கள். தரோபிரெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 அங்குலம் சரியாக வரும். மார்வாரி, கத்தியவாரியின் மூஞ்சி குறுகல், அதற்கு அதைவிடச் சின்னது வேண்டியிருக்கும். வளையத்துக்கும் உதட்டுக்கும் நடுவே இருபுறமும் கால் அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் பிட் அங்குமிங்கும் இழுபடும். உயரத்துக்கு உதட்டோரத்தில் ஒன்றிரண்டு மடிப்பு விழ வேண்டும், அதற்கு மேல் விழுந்தால் குதிரை எப்போதும் சிரித்த முகமாகவே நிற்கும். வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். மூட்டுக்குள் விரல் விட்டுப் பாருங்கள், வார்த்த இடத்தில் பிசிறு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மென்மையான பிட்டில் உண்மையாகவே பழக்கிய பிறகும், தடை தாண்டும் வரிசையில் மட்டும் கொஞ்சம் பலமாகிறது என்றால் பெல்ஹாம் போடலாம், அது விதிக்குள் இருக்கிறது. ஆனால் இரண்டு லகானோடு. இரண்டையும் ஒரு வாரில் இணைத்து ஒற்றை லகான் ஆக்கும் இணைப்பு வார் கிடைக்கும். ஹன்டர் போட்டியில் அது நல்ல பார்வை இல்லை, பெல்ஹாமின் பயனும் அதில் போய்விடுகிறது. மேல் லகான் ஸ்னாஃபிள் போல, கீழ் லகான் தேவைப்படும்போது மட்டும். தாடைச் சங்கிலி முறுக்கில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், கீழ்க்கம்பி ஏறத்தாழ 45 பாகை சாயும்போதுதான் அது தாடையைத் தொட வேண்டும். பாப்பாவின் கை இரண்டு லகானுக்குத் தயாரில்லை என்றால் பெல்ஹாம் பேச்சையே எடுக்க வேண்டாம்.

தலைவார் பழுப்பு, மெல்லியது, வெறுமையானது. நெற்றிவாரில் நிறமோ கல்லோ கூடாது. பிரிட்டனில் இது இன்னும் கண்டிப்பு: அங்கே ஹேக் (நளினமான சவாரிக் குதிரை) வகுப்புக் குதிரைக்கு வண்ண நாடா சுற்றிய நெற்றிவார் போடுவார்கள், ஹன்டருக்கு வெறும் தோல்தான். மூக்குவாருக்கு அகலத்தைவிடத் தளர்வு முக்கியம், மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். லகான் தோல் பின்னலாக இருக்கட்டும், ஷோ ஜம்பிங்கில் பிடிக்கிற ரப்பர் லகான் வேண்டாம்.

மார்ட்டிங்கேல், அதாவது குதிரை தலையை மேலே தூக்காமல் தடுக்கும் வார், பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். அமெரிக்க முறையில் தடை தாண்டும் வகுப்பில் ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் (வயிற்றுவாரிலிருந்து மூக்குவாருக்குப் போவது) போடலாம், பலர் பார்வைக்காகவே போடுகிறார்கள். அதே நாள், அதே குதிரை, தடை இல்லாத சவாரி வகுப்புக்கு வந்தால் கழற்றியாக வேண்டும். போட்டி நாளில் அதைக் கழற்ற ஆள் ஒருவரை நிறுத்திவையுங்கள். அளவுக்கு, வாரைத் தொண்டைக்கு அடியில் ஒட்டித் தூக்கினால் தொண்டைக்குழியைத் தொட வேண்டும். அதைவிடக் குட்டையாகக் கட்டினால் தாண்டும்போது கழுத்தை நீட்ட இடமில்லாமல் குதிரை மாட்டிக்கொள்ளும். சாதாரண மூக்குவாரில் மட்டுமே கட்ட வேண்டும். கால் கவசம், கட்டுத் துணி எதுவும் ஹன்டர் வகுப்பில் வேண்டாம். ஷோ ஜம்பிங் பழக்கத்தில் மாட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

சேணத்தில்தான் பணம் போட வேண்டும். பிட் தவறினால் மாற்றிவிடலாம், சேணம் தவறினால் முதுகு போகும். பந்தயக் குதிரைக்குத் தோள்மேடு உயரம், அதன் இருபுறமும் குழி. அகலமான சேணத்தை வைத்தால் முன்பக்கம் இறங்கி மேட்டில் உட்கார்ந்துவிடும். விரிப்பு இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள், பாப்பா ஏறி உட்கார்ந்த பிறகும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பின்முனை கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. சவாரி முடிந்து கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள்: முழுவதும் நனைந்து ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தால் அங்கே அழுத்தம். தோள்மேட்டில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் முன்னால் வைத்திருந்தவரின் சேணம் செய்த வேலை அது. கான்பூர் சேணங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்தியாவில் பலரும் அங்கே செய்ததை வாங்குகிறார்கள், வெளிநாட்டுக்கும் அங்கிருந்து போகிறது. தரம் பலவிதம். படத்தைப் பார்த்து வாங்கினால் திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழி நிரம்பித் தசை ஏற ஏறச் சேணமும் பொருந்தாமல் போகும், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். வயிற்றுவார் வெறும் தோல், அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வெறும் எஃகு. விழுந்தால் கால் கழன்றுவிடும் பாதுகாப்பு அங்கவடி வைத்திருந்தால் அதையே போடுங்கள், பாப்பாவின் கால் முக்கியம்.

தோல் பராமரிப்பில் நம்மூருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் தாராபுரம் பக்கம் பறக்கிற புழுதி எண்ணெய்ப் பசையுள்ள தோலில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். எண்ணெய் போடுவதற்கு முன் ஈரத் துணியாலும் கிளிசரின் சோப்பாலும் துடைத்துவிடுங்கள். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி ஊறவைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. தோல் தொளதொளத்துக் கறுத்துப் போகும், தையல் நூல் நைந்துபோகும். மெல்லியதாக ஒரு பூச்சு போதும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் அமெரிக்க முறையை வைத்துச் சொன்னது. பிரிட்டிஷ் முறை வேறு. அங்கே ஷோ ஹன்டர் வகுப்பில் நடுவரே குதிரைமேல் ஏறி ஓட்டிப் பார்ப்பார். முன்பின் தெரியாத ஆள் ஏறினாலும் குதிரை திகைக்கக் கூடாது என்பதால் பாப்பாவின் கைக்கு மட்டும் பழகிய பிட் அங்கே ஆபத்து. நீளக்கால் நடுவருக்கும் ஆகும்படி அங்கவடி வாரில் துளை போதுமான அளவு இருக்க வேண்டும். வளர்ந்த குதிரையை அங்கே இரட்டைக் கடிவாளத்திலோ பெல்ஹாமிலோ காட்டுவது வழக்கம், புதுக் குதிரைக்கு ஸ்னாஃபிள். உங்களுக்கு வந்த அழைப்புத் தாளில் எந்த முறை என்று போடாமல் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் அமைப்பாளரிடம் மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். எந்த விதிப்புத்தகம்? தடை தாண்டும் வகுப்பிலும் தடை இல்லாத வகுப்பிலும் மார்ட்டிங்கேலுக்கு அனுமதி உண்டா? நடுவர் ஏறுவாரா? பதிலை எழுத்தில் வாங்கி, சேணப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். போட்டித் திடலின் வாசலில் நிற்கும் ஆளுக்குக் காட்ட உதவும்.